இன்னைக்கு யாரு மக்கு?

இன்று மதியம் லேப்பில் பச்சைத் தைல வாசனை வந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் புருவத்துக்கு மேலே விரலால் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரியலூர்ப் பக்கத்தில் இந்தக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிறகு ஏ.சி. அறையின் புழுங்கல் நாற்றம், சிமெண்ட் லாரிப் புழுதி எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இந்தத் தைலம் மட்டும் பழகவில்லை. பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போய் நின்றேன்.

"என்னம்மா, தலைவலியா? ரொம்ப நாளா இருக்கா?"

"இல்லிங்க மிஸ். ஊர்ல திருவிழா, சரியா தூங்கல."

"வாந்தி வருதா? கண்ணு மங்குற மாதிரி இருக்கா?"

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தைலம் பூசியவள் திரையைக் காட்டினாள். "தலைவலி போயிடும் மிஸ். இந்த ஆப்ஜெக்ட்டுதான் புரியல. கிளாஸுன்னா என்ன, ஆப்ஜெக்ட்டுன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. உன்னோடு சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று!

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில் நம் கம்ப்யூட்டர் சென்டர். படியேறும்போது பூச்சிமருந்து நெடி, மேலே வந்து செருப்பைக் கழற்றினால் ஏ.சி. நாற்றம். நான் குன்னத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன், நீ லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வருவாய். யார் முதலில் வந்தாலும் கதவைத் திறந்து மெஷின்களின் மேல் போர்த்திய துணியை எடுக்க வேண்டும். முதல் வாரம் பூராவும் நீ எனக்கு 'மேடம்', நான் உனக்கு 'மேடம்'. ஒரு நாள் நான் கொண்டுபோன வெங்காயத் துவையலை நீ கேட்காமலே எடுத்துத் தின்றாய். "என்னாடி இது, இவ்ளோ காரம்?" என்றாய். அன்றோடு மேடம் போயிற்று.

மேனேஜர் அந்த போர்டை மாட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? 'சி பிளஸ் பிளஸ் சிறந்த முறையில் கற்றுத்தரப்படும்' என்று பெரிய எழுத்தில். கற்றுத்தரப்போவது யார் என்று பார்த்தால் நாம் இருவர்தான். நாம் படித்திருந்தது வெறும் சி.

"சார், எங்களுக்கு சி பிளஸ் பிளஸ் தெரியாதுங்க."

"சி தெரியுமில்ல? அதுக்குப் பின்னாடி ரெண்டு பிளஸ் போட்டுக்குங்க. திங்கக்கிழமை பேட்ச். இன்ஜினியரிங் படிக்கிற பசங்கல்லாம் வராங்க, மானத்த வாங்கிடாதீங்க."

அவர் போனதும் நீ தலையில் கை வைத்து உட்கார்ந்தாய். பிறகு சிரித்தாய். நீ சிரித்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது.

அந்த மொழியில் இல்லாத வசதி என்ன இருக்கிறது? கூட்டல் குறிக்கு நாம் வேறு அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். ஒரே பெயரில் பத்து வேலைக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். அப்பன் சொத்து பிள்ளைக்கு வருவதுபோல ஒரு கிளாஸின் குணம் இன்னொரு கிளாஸுக்கு வரும், அதிலும் இரண்டு அப்பன் வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகம் சொன்னபோது நீ புத்தகத்தையே மூடிவிட்டாய். "அஸ்தஃபிருல்லாஹ், இதெல்லாம் பசங்களுக்கு எப்படிடி சொல்றது?" என்றாய். ஒவ்வொரு வேலையையும் நாலைந்து விதமாகச் செய்ய முடியும். எது நல்ல விதம் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. "ஒரே ஊருக்கு அஞ்சு ரோடு போட்டு வெச்சிருக்கான், ஒண்ணுலயும் பஸ் இல்ல" என்று நீ சொன்னதை இன்றைக்கும் நான் வகுப்பில் சொல்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். நான் சொன்னதென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்போதுதான் நீ அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தாய். மதியச் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "இன்னைக்கு யாரு மக்கு?" என்பாய். ஒருத்தி மறுநாள் பாடத்தை நடத்த வேண்டும், இன்னொருத்தி வகுப்பிலேயே பெரிய மக்காக உட்கார வேண்டும். சட்டமெல்லாம் போட்டவள் நீதான். மக்கு தலையாட்டக் கூடாது. புரிந்தாலும் உடனே ஒப்புக்கொள்ளக் கூடாது. எவ்வளவு அசட்டுத்தனமான சந்தேகமானாலும் கேட்டுவிட வேண்டும். பாடம் நடத்துபவளை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். உண்மையிலேயே புரிந்த பிறகு 'புரிஞ்சுதுடி' என்று சொல்ல வேண்டும். அந்த 'டி' வந்தால் ஆட்டம் முடிந்தது. மக்கும் மிஸ்ஸும் போய் நீயும் நானும் திரும்பி வந்துவிடுவோம்.

முதல் பாடம் நீ நடத்தினாய். நான் மக்கு.

"மிஸ், கிளாஸுக்கும் ஆப்ஜெக்ட்டுக்கும் என்னா மிஸ் வித்தியாசம்?"

புத்தகத்தில் இருந்ததை நீ இரண்டு முறை சொன்னாய். நான் அசையவில்லை. எழுந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாய்.

"எங்க குடிக்காட்டுல சபுராளிங்க கட்டுன வூடு பாத்திருக்கியா? துபாய், ஷார்ஜான்னு சபுர் போயிட்டு வந்து கட்டுறாங்களே, அதுவெல்லாம் ஒரே இன்ஜினியர், ஒரே பிளான். பிளான் ஒண்ணு, வூடு நாப்பது. பச்ச பெயிண்டு ஒண்ணு, ரோஸ் பெயிண்டு ஒண்ணு. அந்த பிளான்தான் கிளாஸ். கட்டி முடிச்ச வூடுதான் ஆப்ஜெக்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

"எப்புடி ஒண்ணாவும்? பிளான்ல படுத்துத் தூங்க முடியுமா?"

எனக்கு அந்த இடத்தில் சட்டென்று விளங்கியது. நிஜமாகவே அதுவரை விளங்கியிருக்கவில்லை. "புரிஞ்சுதுடி!" என்று கத்தினேன். கீழே உரக்கடைக்காரர் மேலே பார்த்தார்.

ஃப்ரெண்ட் பாடம் என் முறை. ஒரு கிளாஸ் தன் அந்தரங்கத்தை 'பிரைவேட்' என்று பூட்டி வைத்துக்கொள்ளும். வெளியார் யாரும் அதைத் தொட முடியாது. ஆனால் இன்னொரு கிளாஸை 'ஃப்ரெண்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்கு மட்டும் எல்லாம் திறக்கும். நான் கிளாஸ் குன்னம் என்று ஒன்றும் கிளாஸ் குடிக்காடு என்று ஒன்றும் எழுதினேன். குன்னத்தின் பிரைவேட்டில் என் வயது, என் எடை, என்னைப் பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி தின்றுவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை எல்லாம் போட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். குடிக்காட்டின் பிரைவேட்டில் வெறுமனே எக்ஸ் என்று ஓர் எழுத்தைத் தட்டினாய்.

"எக்ஸுன்னா என்னாடி?"

"பிரைவேட்டுன்னா பிரைவேட்டுதான் மிஸ்."

குன்னத்தில் 'குடிக்காடு என் ஃப்ரெண்ட்' என்று எழுதி, "இப்ப ரெண்டு பேரும் ஒருத்தரோடத ஒருத்தர் பாத்துக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னேன். மக்கு கையைத் தூக்கினாள். "மிஸ், ஒருத்தி மட்டும்தானே எழுதியிருக்கா? மத்தவ எழுதலியே?" ஃப்ரெண்டென்றால் இருவரும்தானே என்றேன். "போட்டுப் பாருங்க மிஸ்" என்றாய். போட்டேன். குடிக்காடு என் வயதைப் பார்த்தது, எடையைப் பார்த்தது. குன்னம் எக்ஸைப் பார்க்கப் போனதும் நீலத்திரையில் பிழை என்று வந்து நின்றது. எட்டாது என்கிறது கம்ப்யூட்டர்.

"என்னடி கண்றாவி! நான் உனக்கு எல்லாத்தையும் தொறந்து வெச்சா நீ எனக்குத் தொறக்க மாட்டியா?"

"அவ எழுதுனாத்தான் உண்டாம். வற்புறுத்த முடியாதாம்" என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நீ தைலத்தை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டாய். அந்தப் பச்சைத் தைலம் உன் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து அனுப்புவது. உன் புர்கா, உன் சாப்பாட்டு டப்பா, நீ தொட்ட கீபோர்டு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். நாள் பூராவும் அந்தத் திரைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? எனக்கும் வலிக்கும். உன்னிடமே வாங்கிப் பூசிக்கொள்வேன்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. அதைவிட நல்ல வேலை எனக்கு இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீட்டில் அம்மா என் கல்யாணப் பேச்சை எடுப்பாள், பிறகு அழுவாள். மதியம் உன்னைப் பார்த்தால் போதும் என்று பஸ் ஏறுவேன். இதை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் "சினிமா வசனம் பேசாதடி" என்றிருப்பாய். சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், பேசாமல் கேள்.

ஒரு நாள் நீ வந்து, "விசா வந்துடுச்சு, ஷார்ஜா போறேன்" என்றாய். நான் உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மேனேஜர் மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் உன் பஸ் கிளம்பும்போது, "அங்க யாருடி உனக்கு மக்கு?" என்று கேட்டேன். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி என் காதைத் திருகினாய். "போன் பண்றன். இன்ஷா அல்லாஹ், மதியம் பண்றன்."

பண்ணினாய். வாரத்துக்கு ஒரு தடவையாவது சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு சென்டர் போன் அடிக்கும். எடுத்ததும், "இன்னைக்கு நான் மக்கு, ஆரம்பிங்க மிஸ்" என்பாய். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்று நான் கேட்டால் எல்லாவற்றுக்கும் "அது கிடக்கு, பாடத்த நடத்து" என்பாய். உனக்காகவே நான் டெம்ப்ளேட் படித்தேன், தெரியுமா? அந்தப் பாடம் வந்தாலே எப்போதும் உன் பக்கம் தள்ளிவிடுகிறவள் நான். போனில் உனக்குச் சொல்ல வேண்டுமே என்று உட்கார்ந்து முட்டி மோதிப் படித்தேன். பருத்தி, மக்காச்சோளம் எதை அள்ளிப் போட்டாலும் சாக்கு ஒன்றுதான், அளவு மட்டும்தான் மாறும் என்று சொன்னேன். நீ ரொம்ப நேரம் சிரித்தாய். "புரிஞ்சுதுடி, நீ எங்கயோ போயிட்ட" என்றாய்.

ஒரு தடவை நீ பேசும்போது பின்னால் ஒரு குரல் "சத்திரம், சத்திரம், சத்திரம்" என்று கூவியது. "ஏன்டி, ஷார்ஜாவுல திருச்சி டவுன் பஸ் ஓடுதா?" என்று கேட்டேன். "டிவிடி" என்றாய். "என்ன டிவிடி?" "டிவி, டி! டிவி ஓடுது!" இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் சத்திரம் பஸ் எங்கோ போய்விட்டது.

கடைசியாக நீ பேசியது ஒரு மழை நாள். லைன் கொரகொரவென்றது. வழக்கம்போல ஆரம்பித்தாய்.

"மிஸ், ஆப்ஜெக்ட்டுன்னா என்னா மிஸ்?"

"அடியே, முதல் பாடத்துக்கே போயிட்டியா? சரி, பெரிய மக்குதான் இன்னைக்கு" என்று நானும் ஆரம்பித்தேன். புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். நீ மறுபடியும் அதையே கேட்டாய். வேறு மாதிரி சொன்னேன். பிறகு, மெதுவாக, "ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?" என்றாய். என்ன நடிப்பு! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. இழுத்து இழுத்து, நாக்கு புரளாத குழந்தைபோலப் பேசினாய். அப்படி ஒரு மக்கை நீ இதற்கு முன்னால் பிடித்ததே இல்லை.

"எப்புடி ஒண்ணாவும்? உங்க ஊருல சபுராளி கட்டுன வூடு நாப்பது இருக்கு, பிளான் ஒண்ணு. பிளான்ல படுத்துத் தூங்க முடியுமா?"

நீ சிரித்தாய். ரொம்ப சந்தோஷமான சிரிப்பு. "நல்லா சொன்னீங்க மிஸ். இது யாரு சொன்னது?"

"நீதான்டி சொன்ன."

"நானா?"

"நீயேதான், எருமை."

"நானா?" என்று இன்னொரு தடவை கேட்டாய். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லுங்க மிஸ்" என்றாய். சொன்னேன். இன்னொரு வாட்டி கேட்டாய். பச்சை பெயிண்ட், ரோஸ் பெயிண்ட் எல்லாம் சேர்த்து முதலிலிருந்து சொன்னேன். சோறு ஆறிப் போயிருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மிஸ்."

நான் காத்திருந்தேன். அந்த 'டி' வரவில்லை. லைன் போய்விட்டது. மழையில்தான் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் போன் அடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து உன் தங்கச்சி சென்டருக்கு வந்தாள். உன் முகம், உன் நடை. படியேறி வருவதைப் பார்த்துவிட்டு நீதான் என்று எழுந்தே விட்டேன். அவள் உட்காரவில்லை.

"அக்கா மௌத்தாயிட்டாங்க."

இறந்தது ஷார்ஜாவிலா என்று கேட்டேன். எவ்வளவு அசட்டுக் கேள்வி! அவள் அழுதாள். "ஷார்ஜா எங்கங்க போனாங்க? திருச்சி ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க. மூளையில கட்டி. மச்சான்தான் லீவு போட்டுட்டு வந்துட்டாரு. கடைசில வூட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

ஒரு பஸ் தூரம். நீ ஒரு பஸ் தூரத்தில் படுத்திருந்தாய். நான் வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. "ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லல?" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் கத்தினேன்.

"நான்தான் சொல்லிடலாம்னு சொன்னேங்க. அக்கா கேக்கல. 'வரவங்க எல்லாம் உடம்பு எப்புடி இருக்குன்னு கேக்குறாங்க. அவ ஒருத்திதான் எங்கிட்ட பாடம் பேசுறா. அதக் கெடுத்துடாத'ன்னுட்டாங்க."

சரி. குடிக்காடு அந்த ஒரு வரியை எழுதவில்லை. உன் இஷ்டம். அதற்காக உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். கோபம் இருக்கிற வரைக்கும் நீ எதிரில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் உன் தங்கச்சி போகும்போது இன்னொன்று சொன்னாள். படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி நின்று சொன்னாள். "கடைசியில கொஞ்ச நாளா யாரு பேரும் வரலீங்க அக்காவுக்கு. மச்சான் பேரு வரல, என் பேரு வரல. உங்க பேரும்தான். ஆனா மதியமானா போதும், 'மிஸ்ஸுக்குப் போன் போடு, பாடம் இருக்கு'ம்பாங்க. எந்த மிஸ்ஸு, எங்க படிச்சாங்கன்னு எங்களுக்குப் புரியல. மதியத்துல எப்பவும் பேசுற நம்பராச்சேன்னு இதத்தான் போட்டுக் கொடுப்பேன். பேசிட்டு வெச்சதும் நல்லா தூங்குவாங்க."

அது நடிப்பில்லை. அந்த மழை நாளில் மறுமுனையில் இருந்த மக்கு உண்மையான மக்கு. உன் வீட்டுப் பிளானை நீயே முதல் தடவையாகக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சிரித்தாய். என்னை 'டி' போட்டுக் கூப்பிடத் தெரிந்தவள் போய்விட்டிருந்தாள். பாடம் சொல்ல யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் உனக்கு மிச்சமிருந்தது. நான் அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஆட்டம் என்று நினைத்துத்தான் சொன்னேன். உண்மை தெரிந்திருந்தால் என் குரல் உடைந்திருக்கும், நீ பாடம் கேட்டிருக்க முடியாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் தேறுகிறது.

சென்டரை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடை. இந்தக் கல்லூரிக்கு வந்த புதிதில் உடன் வேலை பார்க்கும் ஒரு மேடத்திடம் ஆசையாக, "நான் மக்கா உக்காந்துக்கறேங்க, நீங்க நாளைக்குப் பாடத்த எனக்கு நடத்துங்களேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "என்ன மேடம், கிண்டல் பண்றீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து யாரையும் கேட்பதில்லை. மதியம் லேப்பிலேயே டப்பாவைத் திறக்கிறேன். மறுநாள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். நீ கையைத் தூக்கியிருப்பாய் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, நீ கேட்டிருக்கக்கூடிய அசட்டுச் சந்தேகத்தை நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன். ஒரு ஆளே இரண்டு பேராக ஆடுவது ரொம்பக் கஷ்டம்டி. வாசலில் பியூன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இன்றைக்கு அந்தத் தைலக்காரப் பெண்ணுக்குச் சபுராளி வீட்டைச் சொன்னேன். அவள் ஆண்டிமடத்துக்காரி, சபுராளி என்றால் அவளுக்குத் தெரியாது, அதையும் விளக்கினேன். புரியல மிஸ் என்றாள். மறுபடி சொன்னேன். பக்கத்துப் பெண், "விடுடி, மிஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். எனக்கென்ன நேரம்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பச்சை பெயிண்ட், ரோஸ் பெயிண்ட் என்று முதலிலிருந்து சொன்னேன். பிளானில் படுத்துத் தூங்க முடியுமா என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுது மிஸ்" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் ஓர் எழுத்து சொல்ல வேண்டியிருப்பதுபோல, அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.